மதம் சமூகத்தை மாற்றுமா? தென் திருவிதாங்கூரை வைத்துப் பேசுவோம்

பனைவிளை:

தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். இந்த மாதப் பாடம் 'மதமும் சமூக மாற்றமும்'. பாடநூல் மூன்று சமூகவியல் அறிஞர்களை மூன்று பெட்டியில் போட்டு வைத்திருக்கிறது. மதம் மாற்றத்தைத் தடுக்கும் என்கிறார் மார்க்ஸ். மதம் சமூகத்தைச் சேர்த்துக் கட்டும் என்கிறார் தர்க்கைம். சில வேளைகளில் மாற்றத்தைத் தொடங்கி வைப்பதே மதம்தான் என்கிறார் வெபர். எடுத்துக்காட்டு என்று பார்த்தால் ஜெர்மனி, ஜெனீவா, அங்கிருந்த கிறிஸ்தவச் சீர்திருத்தவாதி கால்வின். படித்து முடித்தபோது எனக்கு எங்கள் வீட்டு நினைவுதான் வந்தது.

அப்பா வழியில் நாங்கள் அய்யாவழி, அதாவது அய்யா வைகுண்டரை வழிபடுபவர்கள். அம்மா வழியில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கிறிஸ்தவர்கள். இரண்டு பக்கமும் பனையேறிய குடும்பங்கள், ஒரே நாடார் சாதி. இருநூறு ஆண்டுக்கு முன் எங்கள் கன்னியாகுமரிப் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசின் கீழ் இரண்டு குடும்பமும் பட்டது ஒரே பாடு. தலைவரி கட்ட வேண்டும், கூலியில்லாமல் ஊழியம் செய்ய வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது, பொன் நகை கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, தோளில் சீலை போடக் கூடாது. அந்தப் பாட்டிலிருந்து வெளியே வர ஒரு குடும்பம் மயிலாடிப் பக்கம் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சபைக்குப் போனது, இன்னொன்று அய்யாவழியின் தலைமையிடமான சாமித்தோப்புக்குப் போனது.

அய்யா வைகுண்டர் 1809இல் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் முடிசூடும் பெருமாள். இந்தச் சாதியில் பிறந்தவனுக்கு முடி எதற்கு என்று மேல்சாதியினர் எதிர்த்ததால் முத்துக்குட்டி ஆனார். 1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வந்தார் என்பது அய்யாவழி மக்களின் நம்பிக்கை. அதன்பின் வந்தவர்களை எல்லாம் ஒரே கிணற்றில் குளிக்கச் சொன்னார், ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் சொன்னார். வழிபட வரும் ஆண்கள் தலைப்பாகை கட்ட வேண்டும் என்றார். தன் பெயரில்கூட முடி இருக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட மனிதர், வந்தவர் தலையில் எல்லாம் முடி சூட்டினார் என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிங்காரத் தோப்பில் சிறை வைத்தது, 1839இல் விட்டது.

நாடார் பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று அரசாணை வந்தது 1859இல். அய்யா மறைந்தது 1851இல். அதாவது சட்டம் வருவதற்கு எத்தனையோ ஆண்டு முன்பே எங்கள் ஆட்கள் அய்யாவழி வழிபாட்டு இடமான தாங்கலுக்குள் தலைப்பாகையோடு நின்றிருக்கிறார்கள். இதை எந்தப் பெட்டியில் போடுவது? இந்த மாற்றத்தைச் செய்தது மதமா, இல்லை வேறு ஏதோ செய்த வேலையின் மேல் மதத்தின் பெயரை ஒட்டுகிறேனா?

செங்கதிர்:

நல்ல தொடக்கம் தோழர். ஆனால் 1859 ஆணை எப்படி வந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1858 நவம்பரில் விக்டோரியா அரசியின் பிரகடனம் வந்தது. இனி உடைத்தடை இல்லை என்று மக்கள் அதைப் புரிந்துகொண்டார்கள். அந்த டிசம்பரிலும் அடுத்த சனவரியிலும் மேல்சாதியினர் பெண்களின் சீலையைக் கிழித்தார்கள், ஜெபக்கூடங்களை எரித்தார்கள். மிஷனரிகள் முறையிட்டார்கள். சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் திருவிதாங்கூரை நெருக்கினார். ஜூலை 26இல் மன்னர் உத்திராடம் திருநாள் ஆணை போட்டார். ஆணையை வாங்கிக் கொடுத்தது பேரரசின் கை.

இன்னொன்று காசு. இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குப் போய்க் கூலி வாங்கித் திரும்பியவன் கையில், நிலப்பிரபு கொடுக்காத பணம் இருந்தது. நிலத்தின் பிடி தளர்ந்த பிறகுதான் தோளில் சீலை ஏற முடிந்தது. மதம் அந்தத் தளர்ச்சிக்கு ஒரு மொழி கொடுத்தது, அவ்வளவுதான் என்பது என் கருத்து.

மார்க்ஸைப் பாடநூல் சுருக்கியிருப்பதும் நியாயமில்லை. 1844இல் மதம் மக்களின் 'அபின்' என்று எழுதிய அதே பத்தியில், மதம் ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு என்றும் எழுதினார். அன்று அபின் வலி மருந்தும்கூட. எங்கெல்ஸ் 1850இல் ஜெர்மன் விவசாயப் போரைப் பற்றி எழுதும்போது, 1525இல் விவசாயிகளோடு நின்ற போதகர் தாமஸ் மூன்ட்சரைப் புரட்சிக்காரராகவே பார்க்கிறார். மதம் எப்போதும் தூங்க வைக்கும் என்று அந்த இருவரும் சொல்லவில்லை. பெருமூச்சு மட்டும் விலங்கை உடைக்காது என்றுதான் சொன்னார்கள். மூன்ட்சரின் தலையை வெட்டினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

சமூகவியல் டீச்சர்:

பனைவிளை தம்பி, பெட்டி பிரிப்பது தேர்வுக்கு உதவும், புரிந்துகொள்ள உதவாது. வகுப்பில் நானும் முதல் நாள் பெட்டி போட்டுத்தான் காட்டுவேன், இரண்டாம் நாள் கலைத்துவிடுவேன்.

மதம் மட்டுமே காரணம் என்று வெபர் எங்கும் சொல்லவில்லை. மனிதரைத் தள்ளுவது அவரவர் நலன்கள்தான், ஆனால் எந்தத் தண்டவாளத்தில் போவது என்பதைப் பல நேரம் கருத்துகள் திருப்பிவிடுகின்றன, ரயில் பாதையில் பாயின்ட்ஸ்மேன் செய்வதுபோல என்று ஓரிடத்தில் எழுதுகிறார். செங்கதிர் சொல்லும் தோட்டக் கூலியும் ஆளுநரின் கடிதமும் வண்டியைத் தள்ளிய விசைகள். சரி. அந்த வண்டி ஏன் தோள்சீலையை நோக்கிப் போனது? கூலி வாங்கியவன் கூடுதல் நிலம் கேட்டிருக்கலாம், வரிக்குறைப்பு கேட்டிருக்கலாம். ஏன் ஒரு துணிக்காக நாற்பது வருடம் அடிபட்டார்கள்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், பலர் தவறாகச் சொல்லும் இடம் இது. 1814இல் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக (ரெசிடெண்ட்) இருந்த மன்றோ, கிறிஸ்தவப் பெண்கள் சிரியன் கிறிஸ்தவர்களும் மாப்பிள்ளை முஸ்லிம்களும் போடும் குப்பாயம் என்ற மேல்சட்டை போடலாம் என்று அனுமதி வாங்கித் தந்தார். மார்பை மறைப்பது மட்டும்தான் வேண்டுமென்றால் கதை அன்றே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. பெண்கள் குப்பாயத்தோடு நிற்காமல் அதற்கு மேல் தோள்சீலையும் போட்டார்கள், நாயர் பெண்கள் போடும் அதே சீலை. கலவரம் வந்தது அதற்காக. மிஷனரிகள் இதை நாணம் பற்றிய பிரச்சினையாகப் பார்த்தார்கள். அந்தப் பெண்களுக்கு அது மதிப்பு பற்றிய பிரச்சினை. வெபர் வர்க்கத்தையும் தகுதிநிலையையும் தனித்தனியாக வைத்துப் பேசியதன் பொருள் எனக்குப் புத்தகத்தில் விளங்கியதைவிட இந்தச் சீலையில்தான் நன்றாக விளங்கியது.

1859 ஆணையை வாசித்துப் பாருங்கள். குப்பாயம் போடலாம், முக்குவத்திகளைப் (மீனவப் பெண்களைப்) போல முரட்டுத் துணி கட்டலாம், எப்படி வேண்டுமானாலும் மறைக்கலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது! நாற்பது வருடப் போராட்டத்துக்குப் பிறகும் அரசு விட்டுக்கொடுக்காத ஒன்று அந்த 'போல'தான்.

தான் கீழ் என்று விதித்திருப்பதை ஒரு பெண் மறுக்க வேண்டுமென்றால், தான் கீழ் அல்ல என்ற எண்ணம் முதலில் அவளுக்கு எங்கிருந்தோ கிடைத்திருக்க வேண்டும். இவர்களில் பலருக்கு அது கிடைத்தது ஜெபக்கூடத்திலும் தாங்கலிலும்.

அட்லாண்டா வாசி:

டீச்சர் சொல்வதற்குப் பக்கத்தில் வைக்க ஒன்று. நான் வசிக்கும் ஊரிலிருந்து மாண்ட்கோமரி இரண்டரை மணி நேரப் பயணம். பேருந்தில் கறுப்பினருக்குத் தனி இருக்கை என்ற முறையை எதிர்த்து 1955 டிசம்பரில் அங்கே தொடங்கிய பேருந்துப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. கூட்டம் நடந்தது தேவாலயத்தில். வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிப் போகத் தேவாலயங்கள் பெயரில் கார் வாங்கினார்கள். கறுப்பின மக்களின் கையிலேயே இருந்த, வெள்ளை முதலாளி கைவைக்க முடியாத நிறுவனம் அன்று தேவாலயம்தான். ஆகவே கோட்பாட்டை மட்டும் பார்க்காதீர்கள், கட்டடம், கூட்டம், வசூல், பழகிய முகங்கள் இவற்றையும் பாருங்கள்.

ஆனால் அதே நாட்டில் கேரி மார்க்ஸ் என்ற சமூகவியலர் 1967இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். கறுப்பின மக்களிடையே மதப்பற்று கூடக் கூடப் போராட்ட உணர்வு பொதுவாகக் குறைவாக இருந்தது என்பது அதில் தெரிந்தது. எல்லாரிடமும் அப்படி இல்லை. இந்த உலகத்து நீதியைப் பற்றி அக்கறை கொண்ட பக்தி போராட்டத்தோடு ஒத்துப்போனது. மறுமையை மட்டும் பார்த்த பக்தி ஒதுங்கிப்போனது. இரண்டு கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை பாடியது ஒரே பாட்டுப் புத்தகத்திலிருந்தாகவும் இருந்திருக்கலாம்.

தங்கவயல்:

எல்லாரும் கிணற்றைப் பற்றிப் பேசுகிறோம். அந்தக் கிணற்றுக்கும் வர முடியாதவர்கள் யார் என்று கேட்கிறேன்.

திருவிதாங்கூரில் புலையரும் பறையரும் அடிமைகளாக இருந்தார்கள். விற்றார்கள், வாங்கினார்கள். 1855இல்தான் அடிமைமுறை ஒழிந்தது. அவர்களிலும் பலர் சபைகளில் சேர்ந்தார்கள். சேர்ந்த பிறகும் தனி இடம், தனிக் கூட்டம். பொய்கையில் யோஹன்னான் அப்படி ஒரு சபையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ப் பார்த்து, கடைசியில் எல்லாவற்றையும் விட்டு வெளியேறி 1909இல் பிரத்தியட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார். எங்கள் குலத்தைப் பற்றி எந்த வேதத்திலும் ஓர் எழுத்துகூட இல்லையே என்று பாடினார். அடிமைச் சந்தையில் தாயையும் பிள்ளையையும் பிரித்து விற்ற கதையைப் பாட்டாக்கி, அதைக் கேட்டு அழும் கூட்டத்தையே ஒரு சபையாக்கினார்.

நான் பிறந்தது கோலார் தங்கவயல். சுரங்கத்துக்கு வந்த தமிழர்களில் ஒரு பகுதியினர் அயோத்திதாச பண்டிதர் வழியில் பௌத்தர் ஆனார்கள். பண்டிதர் 1898இல் கொழும்பு போய் வந்து சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். அவர் சொன்னதன் சாரம் இது: நீங்கள் பிறவியில் தாழ்ந்தவர்கள் அல்லர், ஒரு காலத்தில் பௌத்தர்கள், உங்களைத் தோற்கடித்தவர்கள்தான் தாழ்ந்தவர் என்று பெயர் வைத்தார்கள். சுரங்கத்தில் இறங்கி ஏறும் ஒரு மனிதருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். தாழ்வு என்பது தலைவிதியாக இருந்தால் அழலாம். தோல்வியாக இருந்தால் அடுத்த முறை ஜெயிக்கலாம். செங்கதிர் தோழர் இதை வெறும் 'மொழி' என்கிறார். கூலி உயர்ந்தாலும் இந்த மொழி இல்லாமல் என் தாத்தா நிமிர்ந்திருக்க மாட்டார்.

அதே நேரம் என் அம்மாவின் உறவினர்கள் இருக்கும் ஊரில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நடுவில் ஒரு தாழ்ந்த சுவர். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரே சிலுவை. மதம் மாற்றும் சக்தி என்று எழுதும்போது அந்தச் சுவரையும் எழுதுங்கள்.

சமூகவியல் டீச்சர்:

எழுத வேண்டும். வடக்கன்குளம் கத்தோலிக்கக் கோவிலில் வெள்ளாளருக்கும் நாடாருக்கும் தனித்தனிக் கிளையாக, கால்சட்டையின் இரண்டு கால் போலக் கட்டடம் கட்டி நடுவில் தடுப்பும் வைத்திருந்தார்கள். 1910இல் அந்தத் தடுப்பை இடித்தார்கள். இடித்ததற்காக வழக்கு நடந்தது. பீடம் ஒன்று, பூசை ஒன்று, மக்கள் இரண்டு. தர்க்கைம் சொல்லும் சேர்த்துக் கட்டும் வேலையை மதம் செய்யும்தான். யாரை யாரோடு சேர்த்து என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும்.

விருதைக்காரன்:

தெற்கத்திக் கதைக்கு வடக்கே ஒரு தொடர்ச்சி இருக்கிறது. எங்கள் விருதுநகர்ப் பக்கத்து நாடார்கள் பெரும்பாலும் புது மதத்துக்குப் போகவில்லை. பழைய கோவிலுக்குள்ளேயே வழி கேட்டார்கள். நாங்கள் சத்திரியர் என்றார்கள், பூணூல் போட்டார்கள், 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோவிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது, 1908இல் தோற்றார்கள். நடுவில் 1899இல் சிவகாசிக் கலவரம், வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. மேல்சாதி வழக்கங்களை மேற்கொண்டு உயரப் பார்ப்பதற்குச் சமூகவியலர் எம்.என். சீனிவாஸ் பின்னால் சமஸ்கிருதமயமாதல் என்று பெயர் வைத்தார், அதை அன்றே செய்து பார்த்துச் சூடுபட்டவர்கள் எங்கள் முன்னோர்.

கோவில் கதவு திறக்கவில்லை. ஆனால் உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கம் இருந்தது, மகமை இருந்தது. விற்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் இத்தனை காசு பொதுவுக்கு என்று எடுத்து வைத்தார்கள். அந்தக் காசில் பள்ளிக்கூடம், கிணறு, சொந்த மாரியம்மன் கோவில். எங்களை மாற்றியது மகமை என்பதுதான் நான் கண்டது. தோழர் செங்கதிர் பக்கம்தான் நிற்கிறேன்.

பனைவிளை:

விருதைக்கார அண்ணா, மகமை வெறும் வரி என்றால் ஏன் எல்லாரும் ஏமாற்றாமல் கொடுத்தார்கள்? உறவின்முறையும் அம்மன் பொங்கலும் ஒரே கூட்டத்தின் இரண்டு முகம் இல்லையா? கொடுக்காதவனைச் சாமி கேட்கும், ஊரும் கேட்கும். அந்த இரண்டு பயத்தையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

தங்கவயல் அண்ணா, அந்தச் சுவரைக் கட்டாயம் எழுதுவேன். அய்யாவழிக்குள்ளும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அய்யாவைத் தேடி வந்தவர்கள் ஒரு சாதியினர் மட்டும் இல்லை, பல சாதியினரும் வந்தார்கள் என்றுதான் சொல்லி வளர்த்தார்கள். ஆனால் எங்கள் ஊர்த் தாங்கலில் நான் பார்த்து வளர்ந்த முகங்கள் பெரும்பாலும் உறவினர் முகங்கள். இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. இருந்தாலும் உண்மை.

நேற்று அப்பா வழிப் பாட்டியிடம் கேட்டேன். அவருடைய மாமனார் கதை ஒன்று சொன்னார். தாங்கலில் பணிவிடை முடியும் வரை தலைப்பாகை கட்டியிருப்பாராம். வெளியே தெருவில் இறங்கியதும் அதே துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வாராம், எதிரே நிலக்காரர் வரலாம் என்று. பல வருடம் அப்படி. ஒரு நாள் உகப்படிப்பு என்ற வழிபாடு முடிந்து வரும்போது அவிழ்க்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா தெரியாது, கட்டிய தலையோடு கடைத்தெரு வரை போய்விட்டார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவிழ்க்கவே இல்லையாம்.

எனக்கு இதில்தான் விடை இருப்பதாகப் படுகிறது. தெருவில் யாரும் அடிக்காத காலம் வந்ததற்குக் காரணம் கூலியும் சட்டமும்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் காலம் வந்தபோது கட்டத் தெரிந்த தலை ஒன்று தயாராக இருந்தது. அதற்கு அத்தனை வருடம் பழக்கம் கொடுத்தது தாங்கல்.

செங்கதிர்:

இந்தக் கதை என்னை அசைத்துவிட்டது, மறைக்கவில்லை. ஒத்திகை பார்க்க ஓர் இடம் வேண்டும், அதை மதம் கொடுத்தது. ஏற்கிறேன்.

ஆனால் உங்கள் இரண்டு பாட்டிமாரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். மிஷன் பக்கம் போன குடும்பங்களுக்கு நாகர்கோவிலில் பள்ளிக்கூடம் கிடைத்தது. 1838இல் நெய்யூரில் மருத்துவமனை வந்தது. மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார் 1820களில் லேஸ் பின்னல் கற்றுக்கொடுத்தார், அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் தங்களை மீட்டுக்கொண்டார்கள். சாமித்தோப்பு என்ன கொடுத்தது? மானம், தூய்மை, ஒன்றாகச் சாப்பிடும் பந்தி. காணிக்கைகூட வாங்காத இயக்கம், அதை மதிக்கிறேன். ஆனால் காணிக்கை இல்லாத இடத்தில் பள்ளிக்கூடம் எப்படி எழும்? ஒரே சாதி, ஒரே பனை, இரண்டு மதம். எழுத்து முதலில் எந்த வீட்டுக்குள் வந்தது?

பனைவிளை:

அம்மா வழி வீட்டுக்கு. அம்மாவின் பாட்டி வேதாகமம் வாசிப்பார். அப்பாவின் பாட்டிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அய்யாவழியின் வேதமான அகிலத்திரட்டு அம்மானை முழுக்கக் காதால் கேட்டே மனப்பாடம். திருவிதாங்கூர் மன்னரைக் கலிநீசன் என்றும் வெள்ளைக்காரனை வெண்ணீசன் என்றும் சொல்லும் நூல் அது, 1841இல் எழுதியது. அம்மாவின் பாட்டிக்கு அந்த இரண்டாவது சொல்லைச் சொல்லும் தைரியம் வந்திருக்காது. பள்ளிக்கூடம் கொடுத்தவர்களை எப்படி நீசன் என்பது?

சமூகவியல் டீச்சர்:

இதை அப்படியே உங்கள் ஒப்படைப்பில் எழுதுங்கள் தம்பி. ஒரு பாட்டிக்கு எழுத்து கிடைத்தது, கொடுத்த கையைக் கேள்வி கேட்க முடியவில்லை. இன்னொருவருக்கு எழுத்து கிடைக்கவில்லை, இரண்டு அரசையும் கேள்வி கேட்க முடிந்தது. மதத்தை வைத்து இயந்திரமா தடையா என்று கேட்பதைவிட, எந்த மதம் யாருக்கு எதைக் கொடுத்து எதை எடுத்தது என்று கேட்டால் கூடுதலாகத் தெரியவரும்.

தங்கவயல் சொன்னதற்கு வெபரிடம் ஒரு விளக்கம் இருக்கிறது. அருளாற்றல் கொண்ட ஒருவரைச் சுற்றித் தொடங்கும் இயக்கம், அவர் போன பின் வழக்கமாக, நிர்வாகமாக, வாரிசாக உறைந்துபோகும். அய்யாவழித் தலைமைக் கோவிலான பதியை யார் பார்த்துக்கொள்வது, அய்யாவழி தனி மதமா இந்து மதத்தின் பிரிவா என்ற விவாதங்கள் இன்றும் நடக்கின்றன. சபைத் தேர்தல்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் உறைந்ததுக்குள்ளும் பழைய சூடு கொஞ்சம் இருக்கும். சாமித்தோப்புப் பள்ளியறையில் (கருவறையில்) கண்ணாடி வைத்திருக்கிறார்கள். கும்பிட நிற்பவர் அங்கே பார்ப்பது தன் முகத்தை. அதன் பொருளை இன்னும் எத்தனை பேர் எப்படி எடுக்கப்போகிறார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

தங்கவயல்:

கண்ணாடி அழகான விஷயம்தான் டீச்சர். என் கேள்வி கிணற்றிலேயே நிற்கிறது. இன்றைக்கு அங்கே பக்கத்துக் காலனிக்காரர் வந்து குளித்தால் யாராவது முகம் சுளிப்பார்களா?

பனைவிளை:

அய்யா எல்லாரையும் குளிக்கச் சொன்ன அந்த முத்திரிக் கிணற்றில் யாரும் யாரையும் கேட்பதில்லை அண்ணா. ஒருவர் தண்ணீர் ஊற்றுவார், நாம் தலையைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். பெயர்கூடக் கேட்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு அவரவர் தெருவில் நடப்பதற்கு அந்தக் கிணற்றால் உறுதி சொல்ல முடியாது.

சமூகவியல் டீச்சர்:

அடுத்த மாதம் மாணவர்களை அழைத்துப்போகலாம் என்று இருக்கிறேன். காலையில் மயிலாடி, அப்புறம் சாமித்தோப்பு. எப்போது போனால் நல்லது?

பனைவிளை:

நண்பகல் வழிபாடான உச்சிப்படிப்புக்கு முன்னால் வந்துவிடுங்கள் டீச்சர். முதலில் முத்திரிக் கிணறு, பிறகு பதி. ஆண்கள் சட்டையைக் கழற்றித் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும், பையன்களிடம் ஆளுக்கு ஒரு துண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். தங்கவயல் அண்ணா, நீங்களும் வந்தால் நான் நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் நிற்கிறேன். உங்களுக்கும் சேர்த்து ஒரு துண்டு எடுத்துவருகிறேன்.

தங்கவயல்:

வருகிறேன் தம்பி. துண்டு நானே கொண்டுவருகிறேன், தாத்தாவுடையது ஒன்று இருக்கிறது.